நாள் பார்க்கும் சட்டமும் நீர் பார்க்கும் மீனும்

தில்லி மாநகரில் வாழும் தமிழன்பர்களுள் பலர் பிரோஸ் ஷா கோட்லாவைக் கண்டிருப்பார்கள். அங்கே இடிந்து கிடக்கும் கோட்டையின் நடுவே, படிப்படியாக உயர்ந்த ஒரு கட்டடத்தின் உச்சியில், வழவழப்பான கற்றூண் ஒன்று இன்றும் நிமிர்ந்து நிற்கிறது. அஃது அசோக மன்னர் நாட்டிய தூண். பதினான்காம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக், இன்றைய ஹரியானா மாநிலத்திலுள்ள தோப்ரா என்னும் ஊரிலிருந்து அதனை யமுனையின் வழியே கொணர்ந்து இவ்விடத்தில் நிறுத்தினார். அதன்மேல் பொறித்திருந்த எழுத்தை அன்று படிக்க வல்லார் ஒருவருமில்லை. 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் என்னும் அறிஞர் அதன் பொருளை உலகுக்கு வெளிப்படுத்தினார்.

அத்தூணில் உள்ள ஐந்தாவது சாசனம் நமது இன்றைய பேச்சுக்கு உரியது. மன்னர் முடிசூடி இருபத்தாறு ஆண்டுகள் சென்றபின், அதாவது ஏறத்தாழ கி.மு. 243-இல், அது வெளியிடப்பட்டது. கிளி, மைனா, காட்டு வாத்து, வௌவால், ஆமை, முள்ளம்பன்றி, எலும்பற்ற மீன் என்று கொல்லத் தகாத உயிர்களின் பட்டியல் ஒன்று அதில் வருகிறது. அதன்பின் மீனைப் பற்றிய விதி வருகிறது. ஆண்டை மூன்று பருவங்களாகப் பகுத்திருந்த அக்காலத்தில், அப்பருவங்களுக்குரிய மூன்று முழுமதிகளை ஒட்டியும், திஷ்ய நட்சத்திரத்தின் பெயரால் அமைந்த முழுமதியை ஒட்டியும், மும்மூன்று நாட்கள் மீனைக் கொல்லலாகாது, விற்கவும் ஆகாது. திஷ்யம் என்பது தமிழர் பூசம் என்று வழங்கும் நட்சத்திரமே. நோன்பு நாட்களுக்கும் இதே விதி உண்டு. அந்நாட்களில் யானைக் காடுகளிலும், மீனவர்க்கென ஒதுக்கிய நீர்நிலைகளிலும் வேறெவ்வுயிரையும் கொல்லலாகாது என்று சாசனம் மேலும் கூறுகிறது.

நேயர்களே, இச்சாசனத்தை அறத்தின் கண்கொண்டு நோக்குவோர் பலர். ஆட்சியின் கண்கொண்டு நோக்கினால் வேறோர் உண்மை புலப்படும். எதைக் கொல்லலாகாது என்பதற்கு ஒரு பட்டியல். எங்கே கொல்லலாகாது என்பதற்கு ஓர் எல்லை. எப்போது கொல்லலாகாது என்பதற்கு ஒரு நாள். இம்மூன்றுமே அச்சாசனத்தின் உட்பொருள். இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் நம் நாட்டில் காட்டுயிரையும் கடல்மீனையும் காக்கும் சட்டங்கள் பெரும்பாலும் இம்மூன்றின்மீதே நிற்கின்றன. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் அட்டவணைகள் உண்டு. சரணாலயங்களுக்கு எல்லைகள் உண்டு. கடலோர மாநிலங்களின் மீன்பிடிச் சட்டங்களில் தடைக்காலங்கள் உண்டு.

இத்தனை காலமும் இவை பயன்பட்டதற்குக் காரணம், இயற்கையும் ஏறத்தாழ ஒரு நாட்காட்டியைப் பின்பற்றியதேயாம். மழை வரும் திங்களில் மழை வந்தது. மீன் முட்டையிடும் திங்களில் முட்டையிட்டது. இன்று வானிலையும் கடல்நிலையும் மாறி வருகின்றன. உயிர்கள் தம் இடத்தையும் காலத்தையும் மாற்றிக்கொள்கின்றன. சட்டமோ பழைய இடத்தையும் பழைய நாளையும் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இந்த முரண்பாட்டை நன்கு விளக்க வல்லது ஒரு சிறு மீனின் வரலாறு.

அம்மீனே மத்தி. கேரளத்தார் மத்தி என்றும் சாளை என்றும் கூறுவர். தமிழ்க் கரையில் பேச்சாளை என்றும் நெய்ச்சாளை என்றும் பெயர் பெறும். மங்களூர்ப் பக்கத்தில் துளு பேசுவோர் பூதாயி என்பர். பம்பாய் நகரத்துத் தமிழர்கள் அதனைத் தார்லி என்னும் பெயரால் சந்தையில் அறிந்திருப்பார்கள். ஒரு சாண் நீளத்துக்கு மேல் பெரும்பாலும் வளராத இம்மீன், மேற்குக் கரையின் ஏழை எளியோர்க்குப் பல தலைமுறைகளாகப் புலால் உணவாக இருந்து வந்திருக்கிறது. சீலா, சூரை முதலிய பெருமீன்களும், ஓங்கில்களும், கடற்பறவைகளும் இதனை உண்டே வாழ்கின்றன. ஆதலின் மத்தி குறைந்தால் மனிதர் உலையோடு கடலின் உலையும் வற்றிவிடும்.

மத்தியின் வாழ்வு தென்மேற்குப் பருவக்காற்றோடு பின்னிப் பிணைந்தது. பருவக்காற்று வீசும் திங்களில் கரையோரத்து மேல்நீர் விலகிச் செல்கிறது. அவ்விடத்தை நிரப்ப, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகிறது. அந்நீரில் சத்துகள் மிகுதி; அவற்றை உண்டு கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் பெருகுகின்றன. மத்தி அந்த நுண்பாசிகளைச் செவுள்களால் வடிகட்டி உண்ணும் மீன். எனவே அது முட்டையிடும் காலத்தையும் அப்பருவத்தோடு பொருத்தி வைத்திருக்கிறது. சூன் முதல் முட்டையிடும். குஞ்சுகள் பெருகிய உணவைத் தின்று வளரும். மழை ஓய்ந்தபின் கூட்டங்கூட்டமாகக் கரையை அணுகும். அதன் ஆயுள் சுமார் இரண்டரை ஆண்டு. ஓராண்டுக்குள் அது பருவமடைந்துவிடும். இவ்வளவு குறுகிய ஆயுள் கொண்ட மீனுக்கு ஒரு பருவம் பொய்த்தால் அடுத்த ஆண்டே கூட்டம் மெலிந்துவிடும். ஒரு பருவம் செழித்தால் அடுத்த ஆண்டே கடல் நிறைந்துவிடும்.

இவ்வியல்பை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். கொச்சியில் மருத்துவ அதிகாரியாகப் பணிபுரிந்த பிரான்சிஸ் டே, 1865-இல் மலபார் மீன்களைப் பற்றித் தாம் வெளியிட்ட நூலில், மத்தி சில ஆண்டுகள் தொடர்ந்து கரையை விட்டு மறைவதையும், பின்பு அளவிறந்து திரும்புவதையும் குறித்திருக்கிறார். மிகுதியாகக் கிடைத்த காலங்களில் அதனைக் காய்ச்சி நெய் எடுத்தார்கள். அந்நெய் தோல் பதனிடவும் மரக்கலங்களுக்குப் பூசவும் பயன்பட்டது. எஞ்சிய சக்கை தென்னந்தோப்புகளுக்கும் தோட்டப் பயிர்களுக்கும் உரமாயிற்று.

மலபார் அக்காலத்தில் சென்னை மாகாணத்தின் ஒரு ஜில்லா. ஆகவே மத்தியைப் பற்றிய ஆராய்ச்சியும் சென்னை அரசாங்கத்தின் பொறுப்பில் வளர்ந்தது. 1897-இல் இந்திய மீன்வளச் சட்டம் இயற்றப்பட்டது. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை அது தடை செய்தது. 1905 முதல் சர் பிரெடரிக் நிக்கல்சன் சென்னை மாகாண மீன்வளப் பணிக்குத் தலைமை பூண்டார். கூட்டுறவு இயக்கத்தின் தந்தையரில் ஒருவராகத் தமிழ் நாட்டார் போற்றும் அதே நிக்கல்சன்தான் அவர். மலபாரிலுள்ள தானூரில் மீன் பதனிடும் முறைகளையும் மத்தி நெய் எடுக்கும் முறைகளையும் சோதித்துப் பார்க்கும் நிலையம் ஒன்று அவர் முயற்சியால் இயங்கியது. அவருக்குப் பின் வந்த ஜேம்ஸ் ஹார்னல், இராமசாமி நாயுடுவுடன் சேர்ந்து 1924-இல் மத்தியின் வாழ்க்கை வரலாற்றை ஆராய்ந்து வெளியிட்டார். மத்தியின் பெருக்கத்தை அறிய வேண்டுமானால் முதலில் கடல்நீரின் நுண்பாசிகளை அறிய வேண்டும் என்னும் கருத்து அந்த ஆராய்ச்சியில் வேரூன்றியது.

1940-களின் தொடக்கத்தில் மத்தி மீண்டும் மறைந்தது. இரண்டாம் உலகப் போர் நடந்த காலம் அது, அரிசிக்கே பஞ்சம். மீனும் இல்லையென்றால் மக்கள் என் செய்வர்? 1943-இல் டி. டபிள்யூ. தேவநேசன், மத்தியின் முட்டைகளையும் முட்டையிடும் இடத்தையும் கண்டறிந்து, இம்மீன் ஆண்டுக்காண்டு ஏறி இறங்குவதன் காரணங்களை ஆராய்ந்து எழுதினார். சினை மீனையும் இளமீனையும் பெருவாரியாக வாரி எடுப்பதே குறைவுக்கு ஒரு முக்கிய காரணம் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. சென்னை அரசாங்கம் அதனை ஒட்டிச் சில வலைகளுக்கும், சினை மீனையும் இளமீனையும் பிடிப்பதற்கும் கட்டுப்பாடு விதித்தது. நீண்ட கரையில், ஆயிரக்கணக்கான தோணிகளுக்கிடையே, அக்கட்டுப்பாட்டை நடைமுறையில் செலுத்துவது எளிதாக இல்லை. சில ஆண்டுகளில் அது விலக்கிக்கொள்ளப்பட்டது.

கட்டுப்பாடு நீங்கியபின், 1950-களின் பிற்பகுதியில், மத்தி பெருந்திரளாகத் திரும்பியது. 1968-இல் இந்தியக் கரைகளில் இறங்கிய மத்தி ஏறத்தாழ 3 இலட்சம் டன். சட்டம் இருந்தபோது மீன் வரவில்லை. சட்டம் போனபின் மீன் வந்தது! இதைக் கண்ட பலரும், கடல் தரும்போது தரும், தராதபோது தராது, சட்டத்தால் ஆவது ஒன்றுமில்லை என்று முடிவு கட்டினார்கள்.

இம்முடிவில் பாதி உண்மை, பாதி பிழை. கடல்நிலையே மத்தியின் ஏற்ற இறக்கத்துக்கு முதற்காரணம் என்பது உண்மை. ஆகையால் மனிதன் செய்வது ஒரு பொருட்டன்று என்பது பிழை. அன்று மலபார்க் கரையில் இருந்தவை துடுப்புத் தோணிகளும் பருத்தி நூல் வலைகளும். மீன் கூட்டம் ஒரு காதம் விலகிச் சென்றால் தோணி அதனைத் தொடர இயலாது. மெலிந்துபோன கூட்டமும் தப்பிப் பிழைத்து மீண்டும் பெருக, கடலிலே இடமும் காலமும் இருந்தன. மீனவரின் இயலாமையே மீனுக்குப் பாதுகாப்பாக அமைந்தது. சட்டம் செய்யாததை அந்த இயலாமை செய்தது.

அந்நிலை விரைவில் மாறியது. 1953-இல் கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் இந்திய-நார்வேத் திட்டம் தொடங்கியது. விசைப்படகும் இழுவை மடியும் நைலான் வலையும் அடுத்தடுத்து வந்தன. 1970-களின் பிற்பகுதியில் கருநாடகக் கரையில் சுருக்குமடி வலை பரவியது. 1980-களில் கேரளத்தின் பாரம்பரிய மீனவர்களும் வெளிப்பொறி பூட்டிய படகுகளில் பெரிய வளைப்பு வலைகளைக் கொண்டு மத்தியைப் பிடிக்கலாயினர். ஒரு கூட்டம் முழுவதையும் ஒரே வளைப்பில் அடைத்துவிடக் கூடிய வலைகள் அவை. முன்னர் மீனுக்கு அரணாக நின்ற இயலாமை இவ்வாறு ஒரு தலைமுறைக்குள் மறைந்தது.

இழுவை மடிப் படகுகளுக்கும் பாரம்பரிய மீனவர்க்கும் இடையே மூண்ட பூசல் பெரிது. உண்ணாநோன்பும் மறியலும் நடந்தன. 1980-இல் கேரளம் கடல்மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றியது. தமிழ்நாடு 1983-இல் இயற்றியது. 1988-இல் கேரளம் மழைக்காலத்தில் இழுவை மடிக்குத் தடை விதித்தது. பின்னர் இவ்வழக்கம் நாடு முழுவதும் பரவியது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரையிலும், மேற்குக் கரையில் சூன் 1 முதல் சூலை 31 வரையிலும் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது என்பது பொதுவான ஏற்பாடு. இராமேசுவரத்திலும் நாகப்பட்டினத்திலும் உற்றார் உள்ளவர்களுக்குத் தடைக்காலம் என்னும் சொல் தெரியாதிருக்க முடியாது. அத்திங்களில் படகு கரையேறும். வலை பழுது பார்க்கப்படும். வீட்டில் கையிருப்புக் கரையும்.

அசோகரின் சாசனத்தில் மும்மூன்று நாட்களாக இருந்தது இன்று அறுபத்தொரு நாட்களாக விரிந்துள்ளது. ஆயினும் தத்துவம் ஒன்றே: குறித்த நாளில் கொல்லாதே.

இனி அண்மைக்கால நிகழ்ச்சிகளைப் பார்ப்போம். 2012-இல் இந்தியாவில் மத்தி வரவு ஏறத்தாழ 7 இலட்சம் டன்னைத் தொட்டது. அதற்கு முன் அவ்வளவு கண்டதில்லை. கேரளத்தில் மட்டும் ஏறக்குறைய 4 இலட்சம் டன். கரையெங்கும் மகிழ்ச்சி, வலைகள் பெருத்தன, பொறிகளின் விசை கூடியது. அதன்பின் சரிவு தொடங்கியது. 2015-ஐ ஒட்டி பசிபிக் கடலில் எல் நினோ என்னும் வெப்ப நிலை கடுமையாக எழுந்து, இந்தியப் பெருங்கடலையும் தாக்கியது. மத்தி மெலிந்தது, பிடித்த மீன்களில் சினை குன்றியிருந்தது. 2021-இல் கேரளத்தில் இறங்கிய மத்தி 3,297 டன் என்று மத்திய கடல்மீன்வள ஆராய்ச்சி நிலையம் கணக்கிட்டது. 1947-இல் தோற்றுவிக்கப்பட்டு, மண்டபத்தில் வளர்ந்து, பின்னர் கொச்சிக்குப் பெயர்ந்த நிலையம் அது. ஒன்பதே ஆண்டுகளில், நூறு பங்கு இருந்த இடத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியது.

இந்த எண்களுக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள். பெரிய வளைப்பு வலை ஒன்று வாங்க முப்பது, நாற்பது பேர் கூட்டாகக் கடன் படுவது வழக்கம். மீன் இல்லாத கடலுக்குப் படகைச் செலுத்தினால் எண்ணெய்ச் செலவு கூடக் கிட்டாது. கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக மத்தி விற்ற பெண்டிர்க்கு விற்க ஒன்றுமில்லை. தடைக்காலத்தைக் கடைப்பிடித்தோமே, பின் ஏன் இந்த நிலை என்று மீனவர் கேட்டால், நாள் பார்த்து விதித்த சட்டத்திடம் விடை இல்லை.

விடை கடலில் இருக்கிறது. 2020-இல் புவி அறிவியல் அமைச்சகம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1951 முதல் 2015 வரை வெப்ப மண்டல இந்தியப் பெருங்கடலின் மேல்நீர் சராசரி 1 டிகிரி செல்சியஸ் சூடேறியுள்ளது. உலகக் கடல்களின் சராசரி ஏற்றம் அதே காலத்தில் 0.7 டிகிரியே. ஒரு டிகிரி என்பது நமக்குச் சிறிதாகத் தோன்றலாம். மேல்நீர் சூடேறினால் அது இலேசாகி, அடிநீரின்மேல் ஒரு மூடியைப் போலப் படிந்துவிடும். அடியிலுள்ள சத்து மேலெழுவது தடைப்படும், நுண்பாசி குன்றும். மழையும் பழைய ஒழுங்கில் பெய்வதில்லை. நீண்ட வறட்சியும் திடீர்ப் பெருமழையும் மாறி மாறி வருகின்றன. முட்டையிடும் காலத்துக்கும் உணவு பெருகும் காலத்துக்கும் இடையே சில வாரங்கள் விலகினாலும், பிறந்த குஞ்சுகள் பசியால் மாண்டுபோகும்.

காலம் மாறியதுபோல் இடமும் மாறியது. முன்னாளில் மத்தி என்றால் கேரளமும் தென் கருநாடகமுமே. 1980-களுக்குப் பின் அது தமிழ்நாட்டுக் கரையிலும் ஆந்திரக் கரையிலும் குறிப்பிடத்தக்க அளவில் கிடைக்கத் தொடங்கியது. மேற்கே மகாராட்டிரத்தை நோக்கியும் பரவியது. வடக்கிலும் முன்னர் அதற்குத் தண்ணென்றிருந்த நீர் இப்போது ஏற்றதாகிவிட்டது என்று ஆராய்ச்சியாளர் இதனை விளக்குகிறார்கள். மீன் எல்லை தாண்டிவிட்டது, சட்டம் தாண்டவில்லை. கரையிலிருந்து 12 கடல்மைல் வரை ஒவ்வொரு மாநிலமும் தனக்கென விதி செய்துகொள்கிறது. ஒரு மாநிலத்தில் விட்டுவைத்த குஞ்சை அடுத்த மாநிலத்தில் வாரி எடுத்தால் விட்டுவைத்ததன் பயன் என்ன?

இது மீனுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. ஒடிசாக் கரையில் ஆண்டுதோறும் பல இலட்சம் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. 1997-இல் ககிர்மாதாக் கடற்பகுதி சரணாலயமாக்கப்பட்டது. ஆமைகள் கூடும் பகுதிகளில் நவம்பர் 1 முதல் மே 31 வரை மீன்பிடிப்பு தடுக்கப்படுகிறது. இதனால் வலையில் சிக்கி மாளும் ஆமைகளுக்குக் காப்புக் கிடைத்தது. ஆயின் ஆமைக் குஞ்சு ஆணாவதும் பெண்ணாவதும் முட்டை கிடக்கும் மணலின் சூட்டைப் பொறுத்தது. மணல் மிகச் சூடேறினால் பெண்ணே மிகுதியாகப் பிறக்கும். மேலும் சூடேறினால் முட்டையே வெந்துபோகும். பெருந்திரளாக முட்டையிடும் நிகழ்ச்சி ஓராண்டு முந்துவதும், ஓராண்டு பிந்துவதும், ஒரு கரையில் சில ஆண்டுகள் நிகழாமலே போவதும் உண்டு. எல்லைக்கல் நட்டுக் கரையைக் காக்கலாம். மணலின் சூட்டை எல்லைக்கல்லால் தடுக்க முடியுமா?

இவ்வாறாயின் சட்டமே வீண் என்று கொள்ளலாமா? 1940-களுக்குப் பின் மலபாரில் நேர்ந்த பிழையை மீண்டும் செய்வதாகும் அது. சட்டம் நாளைப் பார்ப்பதோடு நீரையும் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே வரலாறு காட்டும் வழி.

இதற்கு வெளிநாட்டில் ஒரு முன்னோடி உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையில் மத்தியின் இனத்தைச் சேர்ந்த மீன் 1930-களில் மலைபோல் குவிந்தது, 1950-களில் மறைந்தது. மான்டரே நகரத்து மீன் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. வலையா, கடலா, எது குற்றவாளி என்று அங்கும் நெடுநாள் வழக்காடினார்கள். கடலடிச் சேற்றில் படிந்த மீன் செதில்களை அடுக்கடுக்காக எண்ணிப் பார்த்தபோது, மனிதன் வலைவீசாத பழங்காலத்திலும் அம்மீன் பலமுறை பெருகியும் அருகியும் வந்தது தெரிந்தது. அதன்பின், பிடிக்கக்கூடிய அளவை ஆண்டுதோறும் கணக்கிடும்போது கடல்நீரின் வெப்பத்தையும் கணக்கில் சேர்க்கும் விதியை இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்தார்கள். வெப்பமானியைப் பார்க்கும் சட்டம் என்று அதனைக் கூறலாம். அந்தச் சட்டமும் எல்லாத் தீங்கையும் தடுத்துவிடவில்லை. மீன் மீண்டும் அருகியது. 2015-இல் அந்த மீன்பிடிப்பை மூட வேண்டியதாயிற்று. எனினும் மூடுவதற்கு ஒரு வரம்பு முன்னரே எழுதப்பட்டிருந்தது. மீன் அவ்வரம்புக்குக் கீழே இறங்கியதும் மூடினார்கள். அதுவே கருதத்தக்கது.

நம் நாட்டிலும் ஒரு நல்ல தொடக்கம் நிகழ்ந்துள்ளது. 2015-இல் கேரளம் 14 வகை மீன்களுக்குப் பிடிக்கத்தக்க குறைந்த அளவை விதித்தது. பின்னர் இப்பட்டியலை விரித்தது. மத்திக்கு அந்த அளவு 10 செ.மீ. அதற்குக் குறைந்த குஞ்சைப் பிடிக்கலாகாது. இவ்விதி சிறியதாகத் தோன்றினும் இதில் ஓர் ஆழம் உண்டு. மழை முந்தட்டும், பிந்தட்டும். மீன் தெற்கே இருக்கட்டும், வடக்கே செல்லட்டும். அதன் நீளம் அதன் வயதைச் சொல்லிவிடும். நீளம் என்பது மீன் தன் உடலிலேயே சுமந்து வரும் நாட்காட்டி. சுவரில் தொங்கும் நாட்காட்டி பொய்த்தாலும் இந்நாட்காட்டி அவ்வளவு எளிதில் பொய்க்காது.

ஆயினும் இதுவும் முழுமையான காப்பு அன்று. 2022 முதல் மத்தி கேரளக் கரைக்குத் திரும்பத் தொடங்கியது. 2023-இல் அம்மாநில வரவு மீண்டும் 1 இலட்சம் டன்னைக் கடந்தது. 2024-இல் மழை வாய்ப்பாக அமைந்து குஞ்சுகள் மிகுதியாகப் பெருகின. ஒரே கடலில் அத்தனை வாய்கள் உணவுக்குப் போட்டியிட்டதால் மீன்கள் வளர்ச்சி குன்றிச் சிறுத்திருந்தன, விலையும் விழுந்தது. மீன் மிகுந்தும் மீனவர்க்கு நிறைவில்லை. அருகிய காலத்தைப் போலவே பெருகிய காலத்தையும் ஆளத் தெரிய வேண்டும் என்பதற்கு இது சான்று. 1950-களில் மத்தி திரும்பியபோது நாம் பாடத்தை மறந்தோம். இம்முறை மறத்தலாகாது. மீன் மிகுந்த ஆண்டில் வலையின் தொகையும் பொறியின் விசையும் கட்டுக்கடங்காமல் பெருகுமானால், மெலிந்த ஆண்டில் அத்தனையும் அந்த மெலிந்த கூட்டத்தின்மீதே பாயும்.

ஆகவே செய்யத்தக்கவை இவை எனலாம். ஆண்டுதோறும் கடலின் வெப்பத்தையும் நுண்பாசியையும் மத்தியின் சினையையும் அளந்து, அவ்வளவுக்கேற்ப அவ்வாண்டின் பிடிப்பை வரையறுத்தல். மத்தி செல்லும் கரைகளையெல்லாம் ஆளும் மாநிலங்கள் ஒரே அளவு விதியைக் கைக்கொள்ளுதல். படகின் தொகைக்கும் வலையின் பெருமைக்கும் மேல்வரம்பு வகுத்தல். மெலிந்த ஆண்டில் மீனவரைக் கடலை விட்டு நிற்கச் சொன்னால் அந்நாட்களுக்குரிய கூழுக்கும் வழி செய்தல். இறுதியிற் சொன்னது இல்லாமல் முன்னர்ச் சொன்ன மூன்றும் நடவா. பசித்த வயிற்றுக்கு வெப்பமானியைக் காட்டிப் பயனில்லை. இந்த அளவைகளுக்கு வேண்டிய கருவி நம்மிடம் உண்டு. ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் நிலையம், செயற்கைக்கோள் வாயிலாகக் கடலின் வெப்பத்தையும் பாசியின் நிறத்தையும் கண்டு, மீன் கூடும் இடத்தை மீனவர்க்கு அறிவிக்கிறது. மீனை எங்கே பிடிக்கலாம் என்று சொல்லும் அந்தக் கண்ணே, எப்போது பிடிக்காமல் விட வேண்டும் என்பதையும் சொல்ல வல்லது.

கடற்கரையை விட்டு வெகுதூரம் வந்து, பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் குடியேறியுள்ள நமக்கு இதில் என்ன பங்கு என்று நேயர்கள் வினவலாம். நாம் வலை வீசுவதில்லை. ஆனால் கூடையை நீட்டுகிறோம். சந்தையில் விரல் நீளத்துக் குஞ்சு மீன் மலிவாகக் கிடைக்கும்போது அதனை வாங்காது விடுவது நம் கையில் உள்ளது. வாங்குவோர் இல்லாத குஞ்சைப் பிடிப்போரும் இரார். சட்ட அதிகாரி சென்று எட்ட முடியாத கடலிலும் சந்தையின் சொல் சென்று எட்டும்.

பிரோஸ் ஷா கோட்லாவின் தூண் இருந்த இடத்தை விட்டுப் பெயர்க்கப்பட்டு வேறிடத்தில் நிற்கிறது. அதன் எழுத்து மட்டும் மாறவில்லை. கல்லுக்கு அது பெருமை. கடலுக்கும் காட்டுக்கும் எழுதும் சட்டமோ கல்லைப் போல் இருத்தல் ஆகாது. உயிர் பெயரும்போது அதனோடு பெயரவும், பருவம் மாறும்போது அதனோடு மாறவும் வல்லதாக அஃது அமைய வேண்டும். மீனைக் கொல்லாத நாளை அசோகர் வானத்து நிலவைப் பார்த்துக் குறித்தார். இனி அந்நாளை நாம் கடலின் நீரைப் பார்த்துக் குறிக்க வேண்டும்.